கோழிக்கறி: சட்டிக்கு முன்னும் சட்டிக்குப் பின்னும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை முற்பகல் புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, அருகில் நின்ற பெண்ணின் கையில் இரண்டு சொப்பிங் பைகளைக் கண்டேன். ஒன்றில் மீன், மீன்காரர் அவர் கேட்காமலேயே இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார். மற்றதில் ஒன்றரைக் கிலோ அளவில் கோழி இறைச்சி. அதற்கு ஐஸும் இல்லை, இரண்டாவது பையும் இல்லை. எலும்பு முனை குத்திய சிறு துவாரத்தால் சிவப்பு நீர் சொட்டிச் சொட்டி, கீழே வைத்திருந்த வெண்டிக்காய்க் கட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் வர முக்கால் மணி நேரம் சென்றது. அவர் இறங்கவேண்டிய இடத்துக்கு இன்னும் ஒரு மணி நேர ஓட்டம். வெயில் எப்படி இருந்தது என்பதை வன்னியில் இருப்பவர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

மீன் ஐஸ் இல்லாமல் நகரக்கூடாது என்பது முல்லைத்தீவுக் கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கோழிக்கு மட்டும் ஏன் அந்தக் கவனம் இல்லை என்று பஸ்ஸில் இருந்தபடி யோசித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடசாலைகளில் மனையியலும் பின்னர் மனைப்பொருளியலும் கற்பித்தவள் என்ற வகையில் எனக்குத் தோன்றிய விடை இதுதான்: கோழியைப் பற்றிய நமது பழக்கங்கள் எல்லாம் ஊர்க்கோழிக் காலத்தில் உண்டானவை. அக்காலத்தில் விருந்தாளி படலையைத் திறந்த பிறகுதான் சேவலைத் துரத்திப் பிடிப்போம். அறுத்து, சுடுதண்ணீரில் தோய்த்து இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, வெட்டிச் சட்டியில் போட ஒன்றரை மணி நேரம் போதும். பத்துப் பேர் பங்கிட்டால் இரவுக்குக் குழம்பு மட்டுமே மிஞ்சும். அந்தக் கோழிக்குப் பழுதாகிப் போக நேரமே கிடைத்ததில்லை. இன்று நாம் வாங்கும் புரொய்லர் கோழி விடியற்காலை அறுபட்டு, கடை மேசையில் சில மணி நேரம், பையில் சில மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் என்று நெடும்பயணம் செய்துதான் சட்டிக்கு வருகிறது. கோழி மாறிவிட்டது, அதைக் கையாளும் கை மாறவில்லை.

கொதிக்கக் கொதிக்கச் சமைக்கும் நமக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. சிறு துண்டுகளாக வெட்டி, தேங்காய்ப் பாலும் தூளும் சேர்த்து, அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிடும் நமது கறியில், அடுப்பில் இருக்கும்வரை, உயிருள்ள நோய்க்கிருமி பிழைப்பது அரிது. கோழியின் உள்ளே 74 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் போதும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அளவு; கொதிக்கும் குழம்பு 100 பாகையை நெருங்குகிறது. ஆபத்து சட்டியில் இல்லை. சட்டியில் ஏறுவதற்கு முந்திய மணித்தியாலங்களிலும், சட்டியை இறக்கிய பிந்திய மணித்தியாலங்களிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் பற்றியே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பச்சைக் கோழி இறைச்சியில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற பற்றீரியாக்கள் இருப்பது வழமை. நல்ல கடையில் வாங்கியதிலும் இருக்கலாம், பார்வைக்குப் புத்தம் புதியதாக இருப்பதிலும் இருக்கலாம். அவற்றால் வாடை மாறாது, நிறம் மாறாது. உணவு நஞ்சாகக் காரணமான பற்றீரியாக்களில் பெரும்பாலானவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பெருகுகின்றன. வசதியான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும், இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்காகும், நான்கு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். இதனால்தான் இறைச்சியைக் குளிர் இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்றும், சுற்றாடல் வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அது 1 மணி நேரமே என்றும் சொல்லப்படுகிறது. சித்திரையிலிருந்து ஆவணி வரை நமது பகல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கிலேயே அடங்கும். பஸ் தரிப்பிடத்தில் நான் கண்ட அந்தக் கோழி, வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே தன் ஒரு மணி நேரத்தைக் கடந்திருக்கும்.

ஆகவே முதல் மாற்றம் சந்தையில் தொடங்கவேண்டும். வங்கி, தபாற்கந்தோர், பிள்ளையின் கொப்பிக்கடை என்று எல்லா அலுவலும் முடிந்த பிறகு கடைசியாகக் கோழியை வாங்குவது ஒரு செலவும் இல்லாத முறை. கோழிக் கடையில் ஐஸ் இல்லையென்றால் பக்கத்து மீன்காரரிடம் கேட்டால் ஒரு கை ஐஸ் தரமாட்டாரா? பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தால் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போகலாம். இறைச்சிப் பையை இன்னொரு பையில் போட்டு, மரக்கறியோடும் பாணோடும் சேராமல் தனியே தூக்கவேண்டும். உறைந்த கோழி வாங்குபவர்கள் பொதியைப் புரட்டிப் பார்க்கட்டும்: அடியில் சிவப்பு நீர் கட்டியாக உறைந்திருந்தாலோ, உள்ளே ஐஸ் தூள் நிறையப் படிந்திருந்தாலோ, அந்தக் கோழி இடையில் ஒருமுறை இளகி மீண்டும் உறைந்திருக்க வாய்ப்புண்டு. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் பிறீசரின் ஆளியை நிறுத்திவிடும் ஒரு கடையை நான் அறிவேன். பெயர் எழுதப்போவதில்லை, அந்தக் கடையில் நான் இப்போது ஐஸ்கிறீம்கூட வாங்குவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பது இரண்டாவது தவறான நம்பிக்கை. குளிர், கிருமியைக் கொல்வதில்லை. அதன் பெருக்கத்தை மந்தமாக்குகிறது. 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்கும் கீழ்த்தட்டில் பச்சைக் கோழிக்கு 1 நாள், கூடிப்போனால் 2 நாள். அதற்கு மேல் வைப்பதென்றால் பிறீசரில்தான் வைக்கவேண்டும். நமது வாழ்க்கை முறை இந்தக் கணக்கோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. போயா தினத்தில் இறைச்சி விற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மச்சம் இல்லை. ஆகவே வியாழன் மாலை வாங்கி ஞாயிறு மதியம் சமைப்பது என்று திட்டமிடுகிறோம். இடையில் மூன்று இரவுகள் போய்விடுகின்றன. அப்படியான வாரத்தில் வாங்கி வந்த அன்றே பிறீசரில் போட்டுவிடுவதே முறை.

பிறீசர் என்றதும் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். நமது பல வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவுப் பெட்டி. உள்ளே மேலே ஒரு சிறு ஐஸ் அறை. அந்த அறையின் மூடியில் நட்சத்திரக் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் குளிர் மறை 6 பாகை வரை. உறைந்த உணவை ஒரு வாரம் வைக்கலாம். இரண்டு என்றால் மறை 12 பாகை, ஒரு மாதம். மூன்று என்றால் மறை 18 பாகை, பல மாதங்கள். மறை 18 பாகையில் முழுக்கோழி ஓராண்டும் துண்டுகள் ஒன்பது மாதமும் தரம் குறையாமல் இருக்கும் என்று வழிகாட்டிகளில் காணும் கணக்கை, ஒற்றை நட்சத்திர அறைக்குப் பொருத்திப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு வாங்கியதைத் தைப்பொங்கல் கழித்துச் சமைப்பது சரியாகாது. உறையவைக்கும்போதும் இரண்டு கிலோவை ஒரே உருண்டையாகத் திணிக்காமல், ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, பைகளில் தட்டையாகப் பரப்பி வைத்தால் விரைவாக உறையும், விரைவாக இளகும். திகதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட்டுவிடலாம்.

கீழ்த்தட்டில் வைக்கும்போது எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். உறவினர் வீடொன்றில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, மேல் தட்டில் கோழிப் பை, அதற்கு நேர் கீழே வாய் திறந்த எருமைத் தயிர்ச் சட்டி, தயிரின் வெள்ளை ஆடையில் குங்குமப் பொட்டுப் போல ஒரு சிவப்புத் துளி. அந்தத் தயிர் இனி எந்த அடுப்பிலும் ஏறப்போவதில்லை. சீனியோ கருப்பட்டியோ போட்டு அப்படியே பிள்ளைகள் உண்பார்கள். கம்பைலோபக்டர் வகையில் சில நூறு கிருமிகளே ஒருவரை நோயாளியாக்கப் போதும். பச்சை இறைச்சி எப்போதும் எல்லாவற்றுக்கும் கீழே, மூடியுள்ள பாத்திரத்தில் இருக்கட்டும். பாத்திரம் இல்லையென்றால் விளிம்புள்ள தட்டத்திலாவது இருக்கட்டும்.

மின்தடை வன்னிக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாதி வீடுகளில் கோழி இருந்திருக்கும். இப்படியான வேளையில் பலர் செய்வது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து குளிர் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. கதவைத் திறக்காமல் இருந்தால் கீழறையின் குளிர் ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும். நிறைந்திருக்கும் தனிப் பிறீசர் 48 மணி நேரம் வரை, அரைவாசி நிறைந்தது 24 மணி நேரம் வரை தாங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஐஸ் அறையிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே மின்சாரம் போனதும் கடிகாரத்தைப் பாருங்கள். மின்சாரமில்லாத கீழறையில் 4 மணி நேரத்துக்கு மேல் இருந்த பச்சைக் கோழியை, மணந்து பார்த்து முடிவெடுக்காமல், புதைத்துவிடுவதே நல்லது. உறைந்த துண்டில் ஐஸ் படிகம் இன்னும் மிச்சமிருந்தால் மீண்டும் உறையவிடலாம். அல்லது அன்றே சமைத்துவிடலாம். கோழி விற்கும் விலையில் புதைக்கச் சொல்வது எளிது என்று நினைப்பீர்கள். எனக்கும் மனம் பதறும். ஆனால் வயிற்றோட்டத்தோடு ஒரு பிள்ளையை முச்சக்கரவண்டியில் இரவு பதினொரு மணிக்கு வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடியவர்களுக்கு அந்த விலை பெரிதாகத் தெரியாது.

இளகவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பிறீசரிலிருந்து எடுத்துக் குசினி மேசையில் வைத்துவிட்டு, பதினொரு மணிக்குச் சமைக்கத் தொடங்குவது நம்மிடையே சாதாரணம். உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் குசினிச் சூட்டுக்கு வந்து நெடுநேரமாகியிருக்கும். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுவதுதான் சரியான வழி. அவசரமென்றால் நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றலாம் என்பார்கள். குளிர் நாட்டுக் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது அது. நமது தாங்கித் தண்ணீர் மதியத்தில் தேநீர் போடும் சூட்டில் வரும். ஐஸ் துண்டுகள் போட்ட தண்ணீரென்றால் மட்டும் செய்யுங்கள். மேசையில் வைத்து இளகவிட்டதை மறுபடியும் உறையவைப்பது ஒருபோதும் கூடாது.

இனி எழுதப்போவது பல வாசகர்களுக்குக் கசக்கும். பச்சைக் கோழியைக் கழுவக்கூடாது என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2014இல் ஒரு பெரிய பிரசாரமே நடத்தியது. காரணம், குழாயைத் திறந்து வேகமாகக் கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் பக்கத்துப் பாத்திரங்கள், சட்டை, வெட்டி வைத்த வெங்காயம் என்று எங்கும் தெறிக்கின்றன. கிருமியைக் கொல்வது வெப்பமே தவிரத் தண்ணீர் அல்ல. மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் வாடையை எடுக்கும். சமையலின் வேலையை அவை செய்யமாட்டா. இதை வகுப்பில் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து நானே கோழியைக் கழுவியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தையில் வாங்கும் இறைச்சியில் இறகின் அடிக்குருத்தும், உறைந்த இரத்தமும், சில வேளை மரக்குற்றியின் தூளும் ஒட்டியிருக்கும். அதை அப்படியே சட்டியில் போடு என்றால் எந்தத் தாய் போடுவாள்?

என் முடிவு இது. சுத்தமாகப் பொதி செய்து வரும் கோழியைக் கழுவத் தேவையில்லை. சந்தைக் கோழியைக் கழுவியே ஆகவேண்டும் என்றால் குழாயடியில், ஓடும் தண்ணீரில் கழுவவேண்டாம். அகன்ற சட்டியில் தண்ணீரை முதலில் நிரப்பி, இறைச்சியை மெதுவாக உள்ளே இறக்கி, தெறிக்காமல் கையால் அலசி எடுத்து, அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கும் கொடியில் காயும் துணிக்கும் தூரத்தில் வாழையடியில் மெதுவாக ஊற்றுங்கள். கிணற்றுக்கட்டில் வைத்துக் கோழி கழுவும் பழக்கத்தை மட்டுமாவது இன்றோடு விடவேண்டும். பிறகு அந்தச் சட்டியையும் கழுவிய இடத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். கழுவாமல் விட்டுவிட்டால் மட்டும் தப்பிவிட்டோம் என்பதும் இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கோழியைக் கழுவியவர்களில் 26 வீதமானோரின் பச்சைக் கீரைச் சலாதுக்குக் கோழியிலிருந்த பற்றீரியா போய்ச் சேர்ந்திருந்தது. கழுவாதவர்களிலும் 31 வீதமானோரின் சலாதுக்கு அது போயிருந்தது. தண்ணீர் கடத்தாததைக் கையும் கத்தியும் பலகையும் கடத்தியிருக்கின்றன.

இதற்கு வெளிநாட்டு ஆய்வு எனக்குத் தேவைப்படவில்லை. என் வீட்டிலேயே நடந்தது. மீள்குடியேறி, வீட்டுக்கு மின்சாரம் வந்து, முதன்முதலாகக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய காலம். என் மாமியார் மச்சத்தை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலானவர். வன்னியின் பல சைவக் குடும்பங்களைப் போல எங்கள் வீட்டிலும் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு, அகப்பையும் வேறு. மச்சச் சட்டி பின்கொட்டிலைத் தாண்டி உள்ளே வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கி, பலகையில் வைத்துத் துண்டாக்கி, பலகையையும் கத்தியையும் தண்ணீரில் ஓர் அலசு அலசிவிட்டு, பிடிதுணியால் துடைத்து, அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்தேன். கோழிக்கறி கொதித்தது. சம்பல் கொதிக்கவில்லை. மாமி இடியப்பத்தோடு சம்பலும் சொதியும் மட்டும் உண்டார். என் கணவர் வயிற்றெரிவுக்காரர் என்பதால் சம்பலைத் தொடாமல் கோழிக்கறியோடு உண்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றுக் குத்தும் கழிச்சலுமாக விழுந்தவர் மாமி. கோழிக்கறி உண்ட கணவருக்கு ஒன்றுமில்லை. வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர், கடந்த சில நாட்களில் வீட்டில் கோழி சமைத்தீர்களா என்று கேட்டார். சமைத்தோம், ஆனால் இவர் சாப்பிடவில்லை, இவர் சைவம் என்றேன். பலகை எத்தனை இருக்கிறது என்று அவர் அடுத்ததாகக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கம்பைலோபக்டர் பெரும்பாலும் உடலில் புகுந்து இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குப் பிறகே தன்னைக் காட்டும்; சல்மொனெல்லா அதைவிட விரைவாக, பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் காட்டும். ஆகவேதான் நாம் எப்போதும் கடைசியாக உண்ட உணவின்மேல் பழியைப் போடுகிறோம். மாமி குணமாகி வந்த பிறகு பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, சட்டியைப் பிரிச்சு வைச்சனீர், பலகையைப் பிரிக்கேல்லையே” என்றார். மனையியல் ஆசிரியைக்கு அதைவிடப் பெரிய மதிப்பீட்டு அறிக்கை யாரும் எழுதமுடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம், பிரித்து வைத்தல் என்ற முறை நமக்கு வெளியிலிருந்து வந்து கற்பிக்கவேண்டியது அல்ல. விரதத்துக்கு முதல் நாள் குசினியைக் கழுவுகிறோம், சட்டியைப் பிரிக்கிறோம், அகப்பையைப் பிரிக்கிறோம். அந்த ஒழுங்கைப் பலகைக்கும் கத்திக்கும் பிடிதுணிக்கும் நீட்டினால் வேலை முடிந்தது. மச்சத்துக்கு ஒரு பலகை, மரக்கறிக்கு ஒரு பலகை, வேறு வேறு ஆணிகளில். ஒரு பலகைதான் இருக்கிறது என்றால், பச்சையாக உண்ணப்போகும் எல்லாவற்றையும் முதலில் அரிந்து மூடி வைத்துவிட்டுக் கடைசியாகக் கோழியை வெட்டுங்கள். வெட்டி வெட்டிப் பள்ளம் விழுந்த பலகையின் கீறல்களுக்குள் சவர்க்காரம் எட்டாது, அது விறகாகட்டும். பிடிதுணியோ எல்லாவற்றிலும் மோசம்: கையைத் துடைப்பதும், சட்டியைப் பிடிப்பதும், பலகையைத் துடைப்பதும், பிள்ளையின் வாயைத் துடைப்பதும் ஒரே துணி. கோழி வெட்டிய அன்று அந்தத் துணி அப்படியே அவிக்கும் பானைக்குப் போகவேண்டும். கையை 20 விநாடிகள் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். இறைச்சி பிசைந்த கையோடு மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்தால், அடுத்த நாள் மாங்காயில் தூவ எடுக்கும் கையில் அது ஒட்டிக்கொள்ளும்.

சமைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கறியில் பயம் குறைவு. பெரிய துண்டுகளாகப் பொரிப்பதிலும், இளைஞர்கள் இப்போது விரும்பும் நெருப்பில் வாட்டும் கோழியிலும்தான் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். தொடை மூட்டில் கத்தியை இறக்கிப் பார்த்தால் நீர் தெளிவாக வரவேண்டும். எலும்பின் அருகில் மட்டும் சற்றுச் சிவந்திருப்பதைக் கண்டு பதறவும் வேண்டாம். புரொய்லர் ஐந்தாறு வாரக் குஞ்சு, அதன் எலும்புச் சாயம் சதைக்குள் கசிவது இயல்பு. நிறத்தை நம்புவதைவிட, சமையல் வெப்பமானி ஒன்று கையிலிருந்தால் நல்லது.

சட்டியை இறக்கிய பிறகுதான் நமது இரண்டாவது ஆபத்து தொடங்குகிறது. மதியம் சமைத்த கறியை மூடி அடுப்படியில் வைத்து, இரவு உண்டு, மிச்சத்தைக் காலையில் புட்டோடு உண்பது நம் வழக்கம். சுண்டக்கறியின் ருசியை அறிந்தவள் என்பதால் அதை விட்டுவிடச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் சூடு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மையல்ல. கைப்புண், மூக்கு ஆகியவற்றிலிருந்து உணவில் சேரும் ஸ்ரைபிலோகொக்கஸ் என்ற கிருமி பெருகும்போது விட்டுச் செல்லும் நஞ்சு, கொதித்தாலும் அழிவதில்லை. குளொஸ்ரிடியம் என்ற பற்றீரியா வகையொன்றின், விதை போல உறங்கிக் கிடக்கும் வித்திகள் சமையலிலும் உயிர்தப்பி, கறி மெல்ல மெல்ல ஆறும்போது 43 முதல் 47 பாகைச் சூட்டில் மிக வேகமாகப் பெருகும். கலியாண வீட்டிலும் கோயில் அல்லாத கொண்டாட்டங்களிலும் கிடாரத்தில் ஆக்கி, அப்படியே மூடி வைத்துவிட்டு ஐந்து மணி நேரம் கழித்துப் பரிமாறும் கறியில் நடப்பது இதுதான். கிடாரத்தின் நடுவில் இருக்கும் கறி ஆறவே பல மணி நேரம் எடுக்கும்.

வீட்டில் செய்யவேண்டியது எளிது. உண்டு முடிந்ததும், இரவுக்குத் தேவையானதை அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நன்றாக ஆறட்டும் என்று மாலைவரை வெளியே காத்திருக்கவேண்டாம். அங்கே 3 முதல் 4 நாள் வரை இருக்கும். எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, குமிழி விடும்வரை கொதிக்கவைத்து உண்ணுங்கள்; முழுச் சட்டியையும் நாளுக்கு இருமுறை சூடாக்கி ஆறவைத்துக்கொண்டிருப்பது கறியை அல்ல, கிருமியையே பேணுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத குடும்பங்கள் வன்னியில் இன்னும் பல உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது பழைய முறைதான்: அன்றைக்கு வேண்டியதை அன்றே வாங்கி, வந்தவுடன் சமைத்து, அந்த வேளையிலேயே பக்கத்து வீட்டோடு பகிர்ந்தாவது முடித்துவிடுவது.

நோய் வந்துவிட்டால் முதலில் தேவை நீர். உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பொதியை அதில் சொல்லியபடி ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதையும் குடிக்கமுடியாத வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோருக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீரக நோயாளர்கள் பலர் வாழும் வவுனியாப் பக்கத்து வீடுகளில் இதைக் கூடுதலாக மனதில் வைக்கவேண்டும். அவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டமே சிறுநீரகத்தை மேலும் கெடுத்துவிடலாம். அவர்கள் எவ்வளவு நீர் குடிப்பது என்பதை வைத்தியரே சொல்லட்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பத்திரிகையின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்க் கடைகளைப் பரிசோதிக்கும் நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குறைந்த ஆளணியோடு நீண்ட தூரம் ஓடி உழைப்பவர்கள் என்பதை அறிவேன். அவர்கள் கோழிக் கடைக்குப் போகும்போது மேசை, கத்தி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றோடு ஐஸ் இருக்கிறதா என்பதையும், பிறீசர் இரவிலும் ஓடுகிறதா என்பதையும் பார்த்தால், வாங்குபவரின் பாதிச் சுமை குறையும். கடைக்காரர்கள் அறுத்த நேரத்தை ஒரு பலகையில் எழுதி வைக்கத் தொடங்கினால், யாரும் சட்டம் போட்டுச் சொல்லாமலே நல்ல கடைக்குக் கூட்டம் சேரும். மற்றது, தாய்மார் மாதந்தோறும் கூடும் கிளினிக்குகளில், பிள்ளையின் நிறை பார்க்கக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில், குடும்பநல உத்தியோகத்தர்கள் இரண்டு பலகைகளைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசவேண்டும். சுவரொட்டியில் படித்ததை மறந்துவிடுவோம். கண்ணால் கண்ட பலகையை மறப்பதில்லை.

அந்த பஸ்ஸில் என் அருகே வந்து அமர்ந்த பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீன் பையிலிருந்த ஐஸில் பாதியைக் கோழிப் பைக்கு மாற்றிக் கட்டட்டுமா என்று மட்டும் கேட்டேன். “ஓம் ரீச்சர், கோழிக்கும் வேணுமோ?” என்று அவர் கேட்டார். என்னை எந்தப் பாடசாலையில் கண்டிருந்தாரோ தெரியாது. நெடுங்கேணிக்குப் போகும் வழியில் அவர் இறங்கும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்.